இரட்டைச் சாவி – 14: பூட்டுக்குள் இரண்டு துண்டு

போன வாரம் செண்பகவல்லியைத் தாராவி தொண்ணூறடி ரோட்டு முனையில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். காலில் வீட்டுச் செருப்பு, கையில் காலிப் பை, கத்தரிக்காய் விலை கேட்க வந்தவள் மாதிரி ஒரு முகம். அவள் காத்திருந்தது பூட்டு ரிப்பேர் கரீம் பாட்சாவுக்காக. வடாலாவிலிருந்து ஸ்கூட்டரில் வரும் அந்த மனிதர் வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால், அவரிடம் தனியாக ஒரு பேரத்தை முடித்தாக வேண்டும்.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்குப் பெட்டியின் வரலாற்றை இரண்டு மூச்சில் சொல்லிவிடலாம்.

அது செண்பகவல்லியின் மாமனார் வாங்கிப் போட்ட இரும்புப் பெட்டி. கதவில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சாவித் துவாரம். இரண்டு சாவியும் திரும்பினால்தான் கதவு அசையும். மேல் சாவி மூத்தவர் சொரிமுத்துவுக்கு, கீழ்ச் சாவி இளையவர் இசக்கிதுரைக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சாவிகளை மாஹிம் கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார் மாமனார். பெற்ற பிள்ளைகள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

செண்பகவல்லியின் கணவர் சொரிமுத்து தன் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. இசக்கிதுரை செம்பூருக்குக் குடிபோன பிறகும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தன் சாவியோடு வந்து போகிறார். அண்ணனும் தம்பியும்தான் திறப்பார்கள், எடுப்பார்கள், வைப்பார்கள். பெண்கள் கை பெட்டிக்குள் போகாது. ஏன் என்று கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

அந்தப் பெட்டிக்குள் செண்பகவல்லியின் அம்மா வீட்டு வளையல்கள் எட்டு இருக்கின்றன. அதில் ஒன்று நெளிந்தது. கல்யாணமான புதிதில் ஆட்டுக்கல்லில் இடித்துக்கொண்டது. அந்த எட்டையும் அடகு வைத்தால் மாட்டுங்காவில் ஒரு கடை பிடிக்கலாம். தாராவிச் சந்துக்குள் இட்லி மாவு அரைத்து விற்கிறவள், மார்க்கெட் ஓரத்தில் பலகை மாட்டி விற்கலாம்.

கணவரிடம் கேட்டாள். "பெட்டிக்குள்ள போனது பெட்டிக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். இரண்டு வருஷமாக இதே பதில். அதற்கு முன்னால் கேட்டபோதெல்லாம் "பாப்போம்" என்றாவது சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே செண்பகவல்லி ஒரு காரியம் செய்தாள். பொங்கலுக்கு வந்த இசக்கிதுரை குளிக்கப் போனபோது ஜன்னலில் வைத்த சாவிக் கொத்தை எடுத்து, பிசைந்துகொண்டிருந்த கொழுக்கட்டை மாவில் அமுக்கி அச்சு எடுத்தாள். மான்குர்த் வரைக்கும் போய், முகம் தெரியாத ஒரு கடையில் பித்தளையில் சாவி வெட்டிக்கொண்டாள். போன மாதம் சொரிமுத்துவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். இடுப்பில் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது என்று நர்ஸ் அரைஞாணை அறுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு அவளிடமே கொடுத்தாள். கஞ்சி எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்கு ஓடி வந்தாள் செண்பகவல்லி. மேல் சாவி வெண்ணெயாகத் திரும்பியது. கீழே மாவுச் சாவி பாதி திரும்பி, 'டிக்' என்று ஒடிந்து, பல்லைத் துவாரத்துக்குள் விட்டுவிட்டு வெறும் தண்டாக வெளியே வந்தது. மேல் சாவியைப் பழையபடி திருப்பி எடுத்துக்கொண்டு, கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

இப்போது இசக்கிதுரையின் மகளுக்கு நிச்சயதார்த்தம். நகை எடுக்க வந்தவரின் சாவி துவாரத்தில் பாதிக்கு மேல் இறங்கவில்லை. "எவனோ கை வச்சிருக்கான். எவன்னு தெரிஞ்சா அன்னைக்கே வீட்டப் பாகம் பிரிச்சிரணும், ஆமா" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில்தான் செண்பகவல்லியின் கிரைண்டர்கள் ஓடுகின்றன.

பூட்டுக்காரர் வருகிற நாள் இது.

போன் அடித்தது. மாட்டுங்கா கடையின் சொந்தக்காரி பத்மஜா.

"செண்பகம், கேட்டியோ, இனிமே என்னால நிறுத்தி வைக்க முடியாது. மொபைல் கவர் விக்கறவன் ஒருத்தன் தினம் வந்து வாசல்ல நிக்கறான். எனக்கு மாவுக் கடைதான் இஷ்டம். ஆனா இஷ்டம் வாடகை தராதே?"

"இன்னைக்கு சாயங்காலம் வாரேன் மாமி. கையோட முடிச்சிருவோம்."

"இதையேதான் போன வாரமும் சொன்னாய்."

"போன வாரம் பூட்டு ரிப்பேர்."

"எந்தப் பூட்டு?"

"வந்து சொல்லுதேன்" என்று போனை வைத்தாள். கரீம் பாட்சாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

ஐம்பதைத் தாண்டிய ஆள். சாயம் போட்ட தாடி, சட்டைப் பையில் இரண்டு போன், காலுக்கு நடுவே கனத்த டூல்ஸ் பை. அவருடைய அப்பா காலத்திலேயே மேலப்பாளையத்திலிருந்து வந்துவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, வசூலில் இரண்டும் பேசுவார்.

"நீங்கதானா தங்கச்சி போன் போட்டது? வீடு எங்க?"

"வீடு இருக்கட்டும் பாய். கீழ ஓட்டைக்குள்ள ஒரு துண்டு கெடக்கு."

"என்ன துண்டு?"

"சாவித் துண்டு. பித்தள."

"யாரு சாவி?"

"அதக் கேக்காம எடுக்கதுக்கு எவ்வளவு?"

கரீம் பாட்சா ஹெல்மெட்டைக் கழற்றி அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பழைய இரும்பை எடை போடும் பார்வை.

"பூட்டுக்கு ரேட்டு வச்சிருக்கேன். வாய்க்கு இதுவரைக்கும் போட்டதில்லையே."

"இன்னைக்குப் போடுங்க."

"அச்சு எதுல எடுத்தீங்க? சோப்பா, மெழுகா?"

செண்பகவல்லி கத்தரிக்காய் வண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கொழுக்கட்ட மாவு."

அவர் சிரித்த சிரிப்பில் வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். "யா அல்லா! மாவு காஞ்சா சுருங்குமே தங்கச்சி. சாவி ஒல்லியாத்தான் வரும். ஒல்லிச் சாவி ஒடியத்தானே செய்யும்?"

"இப்பத் தெரியுது. ரேட்டச் சொல்லுங்க."

"மாவு யாவாரமா நீங்க?"

"ஆமா."

"எங்க வீட்டுல காலையில ஆப்பமும் தோசையும்தான். ஒரு மாசத்துக்கு மாவு."

"ரெண்டு வாரம்."

"வாய மூடுறது லேசான வேலையில்ல தங்கச்சி. எனக்கு இது புதுத் தொழில்."

"மூணு வாரம். டப்பா நீங்க கொண்டாரணும்."

"சலேகா, ஒத்துக்கிட்டேன்" என்று பையைத் தூக்கினார்.

வீட்டில் சொரிமுத்து முன்னறைக் கட்டிலில், வயிற்றுக்கு ஒரு தலையணையை அணை கொடுத்துப் படுத்திருந்தார். தையல் பிரித்துவிட்டார்கள் என்றாலும் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இருமக்கூடக் கூடாது. கட்டிலுக்கு நேர் எதிரே பெட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்ததே இல்லை.

கரீம் பாட்சா செல்போன் வெளிச்சத்தைத் துவாரத்துக்குள் அடித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது பூட்டா, சாமி சன்னிதியா? உள்ள பூராவும் சந்தனமால்ல இருக்கு!"

"வெள்ளிக்கிழம தவறாம பொட்டு வைக்கம்லா. எங்க அய்யா காலத்துப் பழக்கம்" என்றார் சொரிமுத்து பெருமையாக.

"பொட்ட நெத்தியில வைக்கணும் அண்ணாச்சி. நீங்க மூக்குக்குள்ள வச்சிருக்கீங்க. அப்பறம் பூட்டு எப்படி மூச்சு விடும்?"

"சாமி கும்பிட்டது குத்தமாவே? என்ன பேச்சு பேசுதீரு?"

அந்த நேரத்தில் இசக்கிதுரையும் அவர் மனைவி பானுமதியும் வந்து சேர்ந்தார்கள். இசக்கிதுரை செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "என்ன பாய், எவன் கை வச்சதுன்னு தெரிஞ்சுதா?"

செண்பகவல்லி அடுப்படி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கரீம் பாட்சா வேலையில் இறங்கினார். துவாரத்துக்குள் ஏதோ எண்ணெயைப் பீய்ச்சினார். ஊற விட்டார். அந்த இடைவெளியில் டீ கேட்டார், குடித்தார், சர்க்கரை கம்மி என்றார். பிறகு கொக்கி வைத்த ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, காதில் அழுக்கு எடுப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். மஞ்சளும் சிவப்பும் கலந்த கட்டி ஒன்று பிசுபிசுவென்று வெளியே வந்தது. அதைப் பழைய துணியில் வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார்.

"இதுதான் குற்றவாளி. சந்தனம், குங்குமம், தேங்காயெண்ணெய். எண்ணெய் யாரு ஊத்துனது?"

"லேசா இறுக்கமா இருந்துதுன்னு நாந்தான் ரெண்டு சொட்டு..." என்றார் சொரிமுத்து.

"ரெண்டு சொட்டா? தாளிச்சிருக்கீங்க அண்ணாச்சி!"

பானுமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இசக்கிதுரைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "சந்தனம் இப்படியா கல்லு மாதிரி அடைக்கும்? அந்தத் துணியக் காட்டும் பாப்போம்."

கட்டிக்குள்தான் செண்பகவல்லியின் துண்டு இருக்கிறது. பிதுக்கினால் வெளியே வந்துவிடும்.

"காட்டுறேன், தாராளமா" என்று துணியை நீட்டினார் கரீம் பாட்சா. "ஆனா இது ஆசிட் எண்ணெய். தொட்டீங்கன்னா கை பொக்களிச்சுப் போகும். நிச்சயதார்த்தம் வச்சிருக்கிற வீடுன்னு சொன்னாங்க?"

இசக்கிதுரை கையை இழுத்துக்கொண்டார். அது தையல் மெஷினுக்குப் போடுகிற சாதா எண்ணெய் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மூன்று வார மாவுக்கு இது கூடுதல் வேலை, நாலாவது வாரம் கேட்பான் மனுஷன் என்று செண்பகவல்லி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

"சாவிய எடுங்க, திறப்போம்" என்றார் கரீம் பாட்சா.

இசக்கிதுரை தன் சாவியை நீட்டினார். சொரிமுத்து பனியனைத் தூக்கினார். முடிச்சை அவிழ்த்தார். பிறகுதான் பிரச்சினை தெரிந்தது. எழுந்து குனிந்து திருக முடியாது. சாவியை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். மனைவியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கடைசியில் கரீம் பாட்சாவிடம் கொடுத்தார்.

செண்பகவல்லி அதையும் மனசில் குறித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் வீட்டுக்குள் வந்த ஆளிடம் போகிற சாவி, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் கைக்கு வரவில்லை.

இரண்டு சாவியும் திரும்பின. கதவு முனகிக்கொண்டு திறந்தது. இசக்கிதுரை தன் பங்கு நகைப் பெட்டிகளை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். பானுமதி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எல்லாம் இருப்பதைப் புருஷனுக்குக் கண்ணால் சொன்னாள். இசக்கிதுரைக்குப் பாதிக் கோபம் அங்கேயே வடிந்துவிட்டது.

கரீம் பாட்சா கதவின் உள்பக்கத்திலிருந்து பூட்டையே கழற்றி எடுத்து, தரையில் பேப்பர் விரித்து, மேல் தகட்டைத் திறந்தார். உள்ளே தேய்ந்துபோன பித்தளைத் தகடுகள் சந்தனத்தில் ஒட்டிக் கிடந்தன.

"இது இனி தேறாது. புதுசுதான் மாட்டணும். நம்பர் பூட்டு இருக்கு. சாவியே வேண்டாம். டொய்ங் டொய்ங்னு அமுக்கினாப் போதும்."

"அதான் நல்லது" என்றார் இசக்கிதுரை.

"நம்பரு யாருகிட்ட இருக்கும்?" என்று கட்டிலிலிருந்து கேட்டார் சொரிமுத்து.

"முதல் பாதி உங்ககிட்ட, பின் பாதி என்கிட்ட" என்றார் தம்பி.

"நீ அமுக்கும்போது நான் அங்கிட்டுத் திரும்பிக்கணும். நான் அமுக்கும்போது நீ அங்கிட்டுத் திரும்பிக்கணும். நல்லாத்தான் இருக்கும்டே, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி."

"வேற என்னதாண்ணே செய்யச் சொல்லுதீய?"

"அதே மாதிரி ரெட்டச் சாவி. அய்யா செஞ்ச மாதிரியே."

"மாத்துச் சாவிய மட்டும் கடல்ல போட்டுராதீங்க" என்றார் கரீம் பாட்சா. சொல்லிக்கொண்டிருந்தவரின் கை பூட்டின் மூலையில் நின்றது. எதையோ விரலால் நெருடிப் பார்த்தது. துணியை இழுத்து அதன்மேல் போட்டது. பிறகு அவர் எழுந்து, "தங்கச்சி, கை கழுவத் தண்ணி" என்று அடுப்படிக்கு வந்தார்.

குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினார்.

"நீங்க ஒரு துண்டுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ரெண்டு இருக்கு."

உள்ளங்கையை விரித்தார். ஒன்று பளபளவென்று, மான்குர்த்தில் வெட்டியது. இன்னொன்றும் பித்தளைதான், ஆனால் பச்சை பூத்துக் கறுத்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பல் அமைப்பு ஒன்றேதான்.

"ரெண்டுமே கீழ் ஓட்டைச் சாவியோட நகல். இந்தப் பழசு ஒடிஞ்சு, உள்ளுக்குள்ள விழுந்து, அடியில கெடந்திருக்கு. அதான் பூட்டு இறுக்கமாவே ஓடியிருக்கு. ரெண்டு வருஷமாவது இருக்கும்."

"இது நான் இல்ல பாய்."

"நீங்கன்னு நான் சொல்லலியே. ரெண்டாவது துண்டுக்குத் தனி ரேட்டுன்னு மட்டும்தான் சொல்றேன்."

"நாலு வாரம். வாய மூடிட்டுப் போங்க."

அவர் இரண்டு துண்டையும் குழாயடித் திட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். செண்பகவல்லி குழாயை நிறுத்தவில்லை.

அவள் பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். அப்பா கல்லாவுக்கு வெளியே உட்கார்ந்தே, எந்தச் சரக்கு எந்த வழியாக வெளியே போனது என்று கண்டுபிடித்துவிடுவார். அந்தப் புத்தி இப்போது தானாக வேலை செய்தது. கீழ்ச் சாவிக்கு நகல் போட்டவன் இசக்கிதுரையாக இருக்க முடியாது. அசல் அவரிடம் இருக்கிறது. நகல் மட்டும் இருந்தால் கதவு திறக்காது. மேல் சாவியும் வேண்டும். மேல் சாவி ஒரு இடுப்பை விட்டு இறங்கியதே ஆஸ்பத்திரியில்தான், அதுவும் போன மாதம்தான். துண்டோ இரண்டு வருஷப் பழசு.

அந்த இடுப்பு இப்போது முன்னறைக் கட்டிலில், தலையணைக்குப் பின்னால் இருக்கிறது.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தையில் எதிராளி தராசுக்கு அடியில் புளியை ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்ட வியாபாரிக்கு ஒரு நிம்மதி வருமே, அதுதான் வந்தது. இனி விலை இவள் சொல்வதுதான்.

காப்பி போட்டாள். பளபளத் துண்டை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். தம்பிக்கும் பானுமதிக்கும் முதலில் கொடுத்தாள். சொரிமுத்துவின் டபராவில் டம்ளருக்குப் பக்கத்தில் பச்சைத் துண்டை வைத்து, தம்பி பார்வையைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு நீட்டினாள்.

"சர்க்கர பாத்துக்கிடுங்க. அடியில கெடக்கு."

சொரிமுத்து பார்த்தார். முதலில் என்னவென்று புரியாத பார்வை. பிறகு புரிந்த பார்வை. டபராவில் டம்ளர் ஒரு முறை கிடுகிடுத்தது.

"வலிக்குதாண்ணே?" என்றார் இசக்கிதுரை.

"இல்ல, இல்ல."

"வலிக்கத்தான் செய்யும்" என்றாள் செண்பகவல்லி. "உள்ளுக்குள்ள ஒடிஞ்சு கெடந்தா வலிக்காதா? தம்பிகிட்டச் சொல்லிரட்டுமா?"

"ஏட்டி!" என்றார். அதட்டல் மாதிரி தொடங்கிக் கெஞ்சலாக முடிந்தது. துண்டை விரலுக்குள் மறைத்துக்கொண்டார். காப்பியை ஊதினார். எவ்வளவு ஊதினாலும் மனைவி நகர்வதாக இல்லை.

"நல்ல வேளையா பெட்டி திறந்து கெடக்கு" என்று ஆரம்பித்தாள். "என் வளையல..."

"எடுத்துக்கோ" என்றார்.

இசக்கிதுரை நிமிர்ந்தார். "என்னண்ணே?"

"அவ வளையல அவகிட்டயே குடுத்துருவோம்டே. ரொம்ப நாளா கேக்கா. கட வைக்கப் போறாளாம்."

இரண்டு வருஷமாக இழுத்த பேரம் ஒரு டபராக் காப்பியில் முடிந்துவிட்டது! இசக்கிதுரை அண்ணனை ஆச்சரியமாகப் பார்த்தார். ஆபரேஷனில் மூளையையும் ஏதாவது தொட்டுவிட்டார்களோ என்று நினைத்திருக்கலாம்.

"மைனிக்கு இல்லாததா? எடுத்துக்கிடட்டும்" என்று பெட்டிக்குள் கைவிடப் போனார்.

"இருக்கட்டும் தம்பி" என்றாள் செண்பகவல்லி. "என்னுத நானே எடுத்துக்கிடுதேன்."

அவள் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறையாக அதற்குள் கை விட்டாள். இரும்பு குளிர்ச்சியாக இருந்தது. மஞ்சள் துணி முடிச்சு மேல் தட்டிலேயே இருந்தது. கூரை இடிந்து விழவில்லை.

"போட்டுக் காமிங்க அக்கா" என்றாள் பானுமதி.

முடிச்சை அவிழ்த்தாள். எட்டு வளையல். வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தன. நாலு நாலாக இரண்டு கையிலும் ஏற்றிக்கொண்டாள். எட்டும் தடையில்லாமல் ஏறின.

அப்போதுதான் அவள் கை நின்றது.

நெளிந்த வளையல் எப்போதும் முட்டியில் சிக்கும். சோப்புப் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். எட்டையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பார்த்தாள். எட்டும் முழுவட்டம். ஒரு நெளிவு இல்லை, ஒரு கீறல் இல்லை. கையை லேசாக அசைத்தாள். அம்மா வீட்டுப் பொன்னுக்கு ஒரு கனமான ஓசை உண்டு. இவை கலகலவென்று, திருவிழாக் கடையில் பேசுகிற மாதிரி பேசின.

கவரிங்.

ஒடிந்துபோன சாவி, ஒடிவதற்கு முன்னால் திறந்துமிருக்கிறது.

பட்டறை அவள் நினைவுக்கு வந்தது. சொரிமுத்துவின் பெல்ட் பட்டறை இரண்டு வருஷத்துக்கு முன்னால் படுத்தே கிடந்தது. பிறகு ஒரு மாதத்தில் இரண்டு புது மெஷின் வந்து இறங்கின. "பழைய பார்ட்டி, நம்ம மேல உள்ள நம்பிக்கையில குடுத்தான்" என்றார். அவளும் நம்பி, மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். சொரிமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் முறையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கு அக்கா. புதுசு மாதிரியே இருக்கு" என்றாள் பானுமதி.

"ஆமா பிள்ள. புதுசு மாதிரியேதான் இருக்கு."

வாய் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இசக்கிதுரை இங்கேயே பாகம் பிரிப்பார். சுவர் நடுவில் எழும்பும். கிரைண்டர் சுவருக்கு அந்தப் பக்கம் போகும். அதோடு அவள் ஜாக்கெட்டுக்குள்ளும் ஒரு துண்டு கிடக்கிறது. பேசாமல் இருந்தால், கையில் எட்டு கவரிங் வளையலும், மாட்டுங்காவில் மொபைல் கவர்க் கடையும்தான் மிச்சம்.

மூன்றாவதாக ஒரு வழி இல்லாத சந்தையே கிடையாது.

அவள் வளையல்களைக் கழற்றவில்லை. எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சாயங்காலம் மாட்டுங்காவுக்கு நீங்களும் வாங்க."

சுவரிலிருந்து சொரிமுத்து மெதுவாகத் திரும்பினார். "நானா? எனக்கு எதுக்கு? டாக்டரு அலையப்படாதுன்னு..."

"அலைய வேண்டாம். டாக்ஸி வச்சுக்கிடுவோம். அடகுக் கடையில வளையல ஒரசிப் பாப்பான்லா? ஆம்பள பக்கத்துல இருந்தாத்தான் ஒழுங்கா ஒரசுவான்."

"மைனி சொல்லுததும் சரிதாண்ணே" என்றார் இசக்கிதுரை. "தனியாப் போனா ஏமாத்திருவானுவ. வேணும்னா நானும் கூட வாரேன். செம்பூருக்குப் போற வழிதான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு தம்பி. வாங்க" என்றாள் செண்பகவல்லி, கட்டிலைப் பார்த்துக்கொண்டே. சாயங்காலத்துக்குள் மனுஷன் தானாக ஒரு விலை சொல்லியாக வேண்டும்.

சொரிமுத்துவின் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது. அங்கே வெறும் நூல்தான் இருந்தது. சாவி தரையில், கரீம் பாட்சா கழற்றிப் போட்ட பூட்டுக்குப் பக்கத்தில், சந்தனக் கறையோடு கிடந்தது.